பவர் சப்ளைக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பட்டர்வொர்த், செவ்வாய்

மடற்குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பழைய மேசைக்கணினிக்கு பவர் சப்ளை, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, மாற்றும் வகுப்பு. தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) இருப்பது 20 முனைச் செருகி. இப்போது விற்பது 24 முனை. பலவற்றில் நான்கு முனைகள் தனியே கழன்றுவிடும் என்பதால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது சொல்தான். கையேட்டில் 'மின்வழங்கி' என்று எழுதியிருக்கிறேன். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. சரிதானா?

செந்தூல்

வேண்டாம் அம்மா. 'வழங்கி' ஏற்கெனவே சர்வருக்குப் போய்விட்டது. மின்னஞ்சல், மின்னூல் என்று படித்த பிள்ளை மின்வழங்கியையும் இணையத்தில் எங்கோ இருப்பது என்றுதான் நினைப்பான். 'மின்னூட்டி' நல்ல சொல். உண்பதற்கு ஊட்டுவது பிறவினை, வாய்க்கும் அழகு.

ஜார்ஜ்டவுன்

தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்னூட்டம் என்றால் சார்ஜ். மின்னூட்டி என்றால் கைப்பேசி சார்ஜர் ஆகிவிடும். அது கிடக்கட்டும், புணர்ச்சியை ஒருவரும் கேட்கவில்லையே! மின், பின், பன், கன் நான்கும் தொழிற்பெயர் போலப் புணரும் என்பது தொல்காப்பியம், புள்ளிமயங்கியல். உகரம் பெற வேண்டும்: மின்னுக் கடிது, மின்னு வலிது. ஆகவே மின்னுவழங்கி. மின்கலமும் மின்னுக்கலமே.

செந்தூல்

ஐயா, சென்ற மாதம் மின்னுச்சாரக் கட்டணம் கட்டினீர்களா? தொல்காப்பியர் சொன்னது வானத்து மின்னல். நம்முடைய 'மின்' மின்சாரத்தில் வால் அறுந்தது.

பிரிக்பீல்ட்ஸ், புதன் இரவு

எனக்குப் புணர்ச்சி தெரியாது, கணினி பழுதுபார்ப்பவன். அந்தப் பெட்டி எதையும் வழங்கவில்லை, மாற்றுகிறது. உள்ளே போவது 230 வோல்ட் மாறுமின்சாரம். வெளியே வருவது நேர்மின்சாரம், மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. மின்மாற்றி என்று வைக்கலாமென்றால் அது டிரான்ஸ்பார்மர். அதுவும் பெட்டிக்குள்ளேயே ஒன்று உட்கார்ந்திருக்கிறது!

டீச்சர், சொல்லைவிட முக்கியமானது ஒன்று. அந்தக் காலத்துப் பலகைகளில் பல, பிராசசருக்கு 5 வோல்ட்டிலிருந்தே இழுத்தன. புதிய பெட்டிகளோ பெரும்பகுதியை 12 வோல்ட்டுக்கே வைத்திருக்கின்றன. '500 வாட்' என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மயங்காமல், பக்கத்து ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படிக்கச் சொல்லுங்கள். பழைய பெட்டியே கிடைத்தால் பின்னால் சிவப்பு சுவிட்ச் இருக்கலாம். நம் ஊரில் அது 230 பக்கம் நிற்க வேண்டும்; 115 பக்கம் நின்றால் போட்ட கணமே 'டப்'. பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கி கையை உதறவைக்கும். கையேட்டில் இவை உண்டா?

கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோ யாட்டில் கடைக்காரரிடம் உங்கள் சொல் எதுவும் செல்லாது. பிள்ளைகளுக்கு 'பவர் சப்ளை'யும் தெரிந்திருக்கட்டும்.

பட்டர்வொர்த், வியாழன்

சுவிட்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் சேர்த்துவிட்டேன். தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் மின்வழங்கிக்கே ஆள் அதிகம். பிடித்து அல்ல, சலித்துப்போய். பக்கத்திலேயே பவர் சப்ளை என்றும் போட்டிருக்கிறேன்.

ஜார்ஜ்டவுன், வெள்ளி

என் மறுப்பு பதிவாகட்டும்: மின்னுவழங்கி. சுவிட்சுக்கு 'ஆளி' என்று போட்டுவிடவில்லையே? சங்கத் தமிழில் அது யானையைக் கொல்லும் விலங்கு.