வீடு புகுந்து திருடியதாகத் தண்டனை, அப்புறம் அப்பீல்: உங்கள் அனுபவம்

தம்பிக்காக
தம்பிக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 457 (இரவில் வீடு புகுதல்), 380 (வீட்டில் திருட்டு) இரண்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனை. செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல். நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டே அரசு வக்கீலிடம், "சங்கிலியைக் கோர்ட்டில் அடையாளம் காட்டியது யார்?" என்று கேட்டார். அவர் பக்கங்களைத் திருப்பினார், மறுபடி முதலிலிருந்து திருப்பினார். சங்கிலிக்குச் சொந்தக்கார அம்மா சாட்சிக் கூண்டில் நின்றபோது அதைக் காட்டி யாருமே கேட்கவில்லை. மகஜர் சாட்சிகள் (பொருளைப் பறிமுதல் செய்ததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர்கள்) இருவரும், ஸ்டேஷனில் வைத்துத்தான் போலீஸ் தங்களிடம் கையெழுத்து வாங்கியது என்று குறுக்கு விசாரணையில் சொல்லியிருந்தார்கள். தம்பி விடுதலை. ஆனால் இதெல்லாம் கீழ்க்கோர்ட்டிலும் அதே கட்டில்தானே இருந்தது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாய்தா
மகஜர் சாட்சி கைவிட்டாலே விடுதலை என்று யாரும் நம்பிவிட வேண்டாம். என் மாமாவுக்கும் அதைத்தான் வாதாடினார்கள். திருட்டு நடந்த மறுநாளே பொருள் அவரிடம் இருந்தது, எப்படி வந்தது என்று சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்டவரைத் திருடியவர் என்று கோர்ட் ஊகிக்கலாம் என்கிற சாட்சியச் சட்டம் 114-ஐக் காட்டி தீர்ப்பை உறுதி செய்தார்கள். தண்டனைக் காலம் மட்டும் குறைந்தது. வராந்தாவில் அத்தை என் கையைப் பிடித்து, "குறைச்சாங்கன்னா வீட்டுக்கு வந்துடுவாரா?" என்று கேட்டார்.

கெடு முக்கியம்
அப்பா வழக்கில் வாய்தா அன்று எங்கள் வக்கீல் வரவில்லை. நீதிபதி அங்கிருந்த இளம் வக்கீலிடம் கட்டைக் கொடுத்துப் படித்துவிட்டு வரச் சொன்னார். வக்கீல் வராததற்காக மட்டும் கிரிமினல் அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று பானி சிங் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி அப்பீல் போடப் போகிறவர்களுக்கு. செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கெடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60. தாண்டிவிட்டால் காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு மனு போட வேண்டும். சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். அப்பீல் போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது, நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை என்றால், அப்பீல் போகிறேன் என்று தண்டித்த கோர்ட்டிலேயே சொல்லி ஜாமீன் கேட்கலாம். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் அனுப்பலாம், சட்ட உதவி வக்கீலும் இலவசம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு பிரிவு எண்கள் மாறிவிட்டன: அப்பீலுக்கும் தண்டனை நிறுத்தத்துக்கும் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 374, 389 என்றிருந்தவை, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 415, 430.

தம்பிக்காக
வாய்தா அவர்களே, நீங்கள் சொன்ன 114 தெரியும். திருட்டு நடந்து கொஞ்ச நாளுக்குள் பொருள் கையில் இருந்தால்தான் அது பொருந்தும். எங்கள் வழக்கில் சங்கிலியைப் பறிமுதல் செய்ததாகச் சொன்னதே பல மாதம் கழித்து. தவிர, அது திருட்டுப்போன சங்கிலிதான் என்று முதலில் காட்ட வேண்டாமா?