பாஸ்காவில் பிலாத்து வேஷம்: அழ வேண்டுமா?

கொள்ளிடக்கரை:
பூண்டி மாதா கோயிலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. தவக்காலக் கடைசியில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவோம். இந்த வருஷம், இயேசுவுக்குச் சிலுவைத் தீர்ப்புக் கொடுத்த ரோம ஆளுநர் பிலாத்து வேஷம் எனக்கு. இதுவரை கட்டிவந்த பெரியப்பாவுக்கு முட்டிவலி, மேடையேற முடியவில்லை. அவர் கட்டினால் கூட்டமே உருகும். இந்தப் பழி எனக்கில்லை என்று கைகழுவும் இடத்தில் குரல் தழுதழுக்கும். முன்வரிசைப் பெண்கள் "பாவம், அந்த மனுஷன் என்ன செய்வான்" என்பார்கள்.

எனக்கு அது இடிக்கிறது. இயேசுவிடம் குற்றம் காணவில்லை என்று லூக்கா நற்செய்தியில் மூன்று முறை சொல்கிறான், அப்புறமும் சிலுவைக்குக் கையளிக்கிறான். தெரிந்தே செய்தவனுக்காக நான் ஏன் அழ வேண்டும்? உளுந்து எடுத்த களத்தில் ஒத்திகை தொடங்கிவிட்டது. வாத்தியார் "நோட்டில் இருப்பதைப் பேசு தம்பி" என்கிறார். வரலாற்றில் அவன் எப்படிப்பட்ட ஆள்?

ரெவின்யூ தாத்தா:
தம்பி, அழாதீங்க. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன் அவன். பயந்தாங்கொள்ளி பத்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியுமா? ரோமப் பேரரசர் சீசரின் உருவம் பதித்த படைக்கொடிகளை, உருவங்களை ஏற்காத யூதர்களின் எருசலேமுக்குள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோனான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கோயில் பணத்தை எடுத்து நகரத்துக்குத் தண்ணீர்க் கால்வாய் கட்டினான். எதிர்த்துக் கூடிய ஜனத்துக்குள் மாறுவேஷத்தில் சிப்பாய்களை விட்டுத் தடியால் அடிக்க வைத்தான். (தண்ணீர் வருவதற்கு எதிராகக் கூட்டம் கூடுவது நம் டெல்டாக்காரனுக்குப் புரியவே புரியாது!) கடைசியில் தங்கள் புனித மலையான கெரிசீமுக்குக் கிளம்பிய சமாரியர்களைக் கொன்ற விவகாரத்தில்தான் சிரியா ஆளுநர் விட்டேலியுஸ் அவனை ரோமுக்கு அனுப்பினார்.

மரண தண்டனை கொடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று யோவான் 18இல் யூதத் தலைவர்களே சொல்கிறார்கள். சிலுவை ரோமத் தண்டனை. ஆணி அடித்தவர்கள் அவனுடைய சிப்பாய்கள். இயேசுவின் தலைக்கு மேல் "யூதரின் அரசன்" என்று பலகை எழுதி வைத்தவனும் அவன்தான். மாற்றச் சொன்னபோது "நான் எழுதியது எழுதியதே" என்று மறுத்துவிட்டான். பலகைக்குப் பிடித்த பிடிவாதத்தை ஆளுக்குப் பிடிக்கவில்லை, பாருங்க. மேலே அழுத்தம், கீழே கூட்டம் என்று எதைச் சொன்னாலும், எங்கள் ஆபீசில் கோப்பில் கையெழுத்துப் போட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். இவனும் அப்படித்தான்.

பயம் இல்லாமல் இல்லை. இவனை விடுவித்தால் நீர் சீசரின் நண்பர் அல்ல என்று கூட்டம் கத்தியதும்தான் நீதி இருக்கையில் போய் உட்காருகிறான். அங்கே மனசுக்குள் கணக்குப் போடுகிற முகத்தைக் காட்டுங்கள், போதும்.

தரங்கை லுத்தரன்:
எங்கள் சபையில் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்கிறோம். இயேசுவையும் மரியாளையும் விட்டால் அதில் வேறு மனிதப் பெயர் கிடையாது. இயேசுவை விசாரித்த யூதத் தலைமைக் குரு கயபா கூட இல்லை. 1961இல் இஸ்ரேலின் செசரியாவில் அவன் பெயர் பொறித்த கல்லே கிடைத்துவிட்டது. இன்னொரு வேடிக்கை: எத்தியோப்பியச் சபையில் பிலாத்துவைப் பரிசுத்தவானாக வணங்குகிறார்கள். உங்கள் பெரியப்பா அங்கே போனால் மாலைதான்.

உபதேசியார் மகள்:
ரெவின்யூ தாத்தா சொல்வது சரி. ஆனால் கயபாவை மறந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தலைமைக் குருவை நியமிப்பதே ரோம ஆளுநர்தான். பிலாத்துக்கு முந்தைய கிராத்துஸ் நியமித்த கயபாவைப் பிலாத்து கடைசிவரை மாற்றவே இல்லை. இரண்டு பேரும் நன்றாகவே ஒத்துப்போயிருக்கிறார்கள்!

ரோம ஆட்சிக்குக் கீழே வாழ்ந்த சபை என்பதால் நற்செய்திகளில் பிலாத்துவின் மேல் கொஞ்சம் மென்மை தெரிகிறது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிலாத்துவை அழ வைத்தால் பழி மொத்தமும் கீழே கத்துகிற யூத ஜனத்தின் தலையில் விழும். அன்றைய யூதர் எல்லார்மேலும் இன்றைய யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று 1965இலேயே கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. "அவன் இரத்தம் எங்கள்மேலும்" என்ற வசனத்தை ஊரே சேர்ந்து கத்துகிற மாதிரி வைத்திருந்தால் பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொள்ளிடக்கரை:
எல்லாருக்கும் நன்றி. கைகழுவும் காட்சியைத் தொடக் கூடாதாம், அழுகையைக் குறைத்துக்கொள்ளலாமாம். பலகை எழுதும் காட்சியைச் சேர்க்க வாத்தியார் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் மூன்றிலும் எழுத வேண்டுமாம். பெயின்டர் தம்பிக்குக் கொடுக்கத் தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.