லெப்டொப்பில் மேடை லைட்: எந்த மென்பொருள், எந்த யூஎஸ்பி பெட்டி?

கேள்வி: ஹட்டன் கலைமன்றம்

வணக்கம். வரும் மாசியில் காமன் கூத்தை மண்டபத்துக்குள் மேடையேற்றுகிறோம். கையில் இருப்பவை: 7 சேனல் ஆர்ஜிபி எல்இடி பார் லைட் 12, 14 சேனல் மூவிங் ஹெட் (தலை திரும்பும் லைட்) 4, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் நான்கு சேனல் டிம்மர் பேக் 2, அதில் மாட்ட 1000 வாட் ஹலோஜன் பார் 64 லைட் எட்டு. லெப்டொப் ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. லைட் மேசையிலிருந்து மேடைக்கு வயர் ஓட்டம் 30 மீட்டர் வரும். மண்டபத்துக்கு ஒற்றை பேஸ் 30 அம்பியர் கரண்ட்.

எந்த மென்பொருள் நல்லது? புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி டிஎம்எக்ஸ் வயர் (லெப்டொப்பின் கட்டளையை லைட்டுகளுக்குக் கொண்டுபோவது) போதுமா, பெரிய பெட்டி வாங்க வேண்டுமா?

பதில் 1: மேடைவெளிச்சம், பண்டாரவளை

வாங்குவதற்கு முன் சேனலைக் கூட்டிப் பாருங்கள். சேனல் என்றால் லைட்டின் நிறம், பிரகாசம், திசை போன்ற ஒன்றை ஆளும் ஓர் இடம். பார் 84, மூவிங் ஹெட் 56, டிம்மர் 8. எல்லாம் சேர்த்து 148. ஒரு யூனிவர்ஸில், அதாவது ஒரு டிஎம்எக்ஸ் வயர் ஓட்டத்தில், 512 இடம் உண்டு. இரண்டு யூனிவர்ஸ் பெட்டிக்குக் காசு போட வேண்டாம்.

மென்பொருளுக்கு கியூஎல்சி பிளஸ். இலவசம், திறந்த மூலம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 4 ஜிபி ராமுக்குப் பாரமில்லை. எனக்கு இதில் பிடித்தது அது எந்தக் கம்பெனிப் பெட்டியோடும் கட்டிப்போடப்படவில்லை என்பதுதான். டாஸ்லைட் போன்றவை பார்க்க அழகு, பழகவும் லேசு. ஆனால் அவர்களுடைய பெட்டி இருந்தால்தான் வெளிச்சம். நிகழ்ச்சியன்று பெட்டி செத்தால், ஹட்டனில் யாரிடம் போய் மாற்றுப் பெட்டி கேட்பீர்கள்? கிராண்ட்எம்ஏ3 கணினிப் பதிப்பும் அப்படியே: பழகிப் பார்க்க இலவசம், லைட்டை எரியவிட அவர்களுடைய வன்பொருள் வேண்டும்.

இனி யூஎஸ்பி. மலிவு வயருக்குள் இருப்பது யூஎஸ்பியை மாற்றித் தரும் ஒரு எஃப்டிடிஐ சிப்பும் சிக்னலை வயரில் அனுப்பும் ஒரு ஆர்எஸ்-485 சிப்பும் மட்டும். விநாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் போகும் சிக்னலுக்குத் தாளம் போடுவது லெப்டொப்தான். விண்டோஸ் வேறு வேலையில் மூழ்கினால் தாளம் தப்பும். லைட் துடிக்கும், மூவிங் ஹெட் நடுங்கும். அதோடு போலி எஃப்டிடிஐ சிப் நிறையப் புழக்கத்தில் உண்டு. 2014இல் எஃப்டிடிஐ கம்பெனியின் ட்ரைவர் அப்டேட் ஒன்று போலி சிப்களின் அடையாள எண்ணையே பூச்சியமாக்கியது. வயர் செருகினாலும் கணினி அடையாளம் காணவில்லை.

என்டெக் டிஎம்எக்ஸ் யூஎஸ்பி ப்ரோ மாதிரிப் பெட்டிக்குள் தனி மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. லெப்டொப் ஒரு கணம் திணறினாலும் அது கடைசியாக வந்த அளவுகளைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். மின்தனிமையும் உண்டு, மேடைப் பக்கத்து அதிர்ச்சி லெப்டொப்புக்குள் ஏறாது. காசை இங்கே போடுங்கள். மலிவு வயரை வாங்கி உதிரியாக வையுங்கள்.

இன்னொரு வழி ஆர்ட்நெட் நோட், அதாவது நெட்வேர்க் வயரில் வரும் கட்டளையை டிஎம்எக்ஸாக மாற்றும் பெட்டி. நெட்வேர்க் வயர் 100 மீட்டர் வரை போகும் என்பதால் நோட்டை மேடையிலேயே வைக்கலாம். ஐபி முகவரி லெப்டொப்புக்கு 2.0.0.1, நோட்டுக்கு 2.0.0.10, இரண்டுக்கும் மாஸ்க் 255.0.0.0. வைஃபையில் ஓட்டாதீர்கள், சனம் நிறைந்து எல்லார் கையிலும் போன் இருக்கும்போது கட்டளைகள் வழியில் தொலையும்.

வயர் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மைக் வயரில் ஓடும், ஆனால் நம்ப முடியாது. 110 ஓம்ஸ் டிஎம்எக்ஸ் வயர் எடுங்கள். ஒரு லைட்டிலிருந்து அடுத்த லைட்டுக்கு என்று சங்கிலியாகவே போக வேண்டும், Y வடிவ வயர் போட்டுப் பிரிக்கக் கூடாது. ஒரு சங்கிலியில் அதிகபட்சம் 32 கருவி, உங்களுடையது 18. கடைசி லைட்டின் அவுட்டில் 2ஆம் 3ஆம் பின்களுக்கு இடையே 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் பற்றவைத்த பிளக் ஒன்றைக் குத்துங்கள். அதில் ஒரு பலனும் உண்டு: பெட்டிப் பக்கம் வயரைக் கழற்றி 2க்கும் 3க்கும் மீட்டர் வைத்தால் 120 அல்லது சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் நடுவில் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷோர்ட்.

பதில் 2: மின்வேலை, தலவாக்கலை

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் கரண்ட். எட்டு ஹலோஜன் முழு வெளிச்சத்தில் 8000 வாட், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 35 அம்பியர். உங்கள் 30 அம்பியருக்கு அதுவே மேல்; எல்இடியும் சவுண்டும் அதற்கு அப்பால். ஒரு பேக்கில் நான்கு 1000 வாட் போட்டால் 17 அம்பியருக்கு மேல் இழுக்கும், 15 அம்பியர் பிளக் சூடேறி உருகும். மென்பொருளில் 50 வீதத்துக்கு மேல் ஏற்றாமல் விடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரு தவறான பட்டன் போதும், அந்தக் கணக்கு போய்விடும். பேக்குக்கு இரண்டாக நான்கு லைட் மட்டும் மாட்டுங்கள், அல்லது 500 வாட் பல்புக்கு மாறுங்கள். இரண்டிலும் பேக்குக்கு 9 அம்பியருக்குள் நிற்கும்.

எல்இடி பாரையோ மூவிங் ஹெட்டையோ டிம்மர் பேக்கில் செருகாதீர்கள், அவற்றின் பவர் சப்ளை எரியும். மைக் வயரையும் டிம்மர் வயரையும் ஒன்றாகக் கட்டினால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும்.

நம் பக்கத்துக் குளிரையும் கணக்கில் எடுங்கள். இரவெல்லாம் குளிர்ந்த ஸ்டோரில் கிடந்த லைட்டை சனம் நிறைந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் பூக்கும். மூடி திறந்து ஒரு மணித்தியாலமாவது விட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். மழைக்காலம் கழிந்ததும் எக்ஸ்எல்ஆர் (டிஎம்எக்ஸ் வயர் பிளக்) பின்களில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பின்னேர இடியின்போது பாவிக்காத லைட் சங்கிலியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். முதலில் சாவது லைட்டுக்குள் இருக்கும் எட்டுக்கால் 485 சிப்தான்.

ஹட்டன் கலைமன்றம்

நன்றி அண்ணன்மாரே. ஹலோஜனை நான்காகக் குறைக்கிறோம். கியூஎல்சி பிளஸ் போட்டுப் பார்த்தோம். நீல இரவு சீன் ஓடும்போது சிவப்பு சீனைத் தட்டினால் மேடை ஊதாவாகிறது. சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதனை எரிக்கும் இடம் ஊதாவில் வந்தால் சரிவராது. தப்பு மேள அடிக்கு ஏற்ற மாதிரி லைட் மாறவும் வேண்டும்.

பதில் 3: கியூ எழுதுபவர், பதுளை

அது பிழையல்ல தம்பி, அந்த மென்பொருளின் விதி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அது பிரகாசச் சேனலாக எடுத்து, ஓடும் சீன்களில் எதன் அளவு பெரிதோ அதையே அனுப்பும். நீல சீன் நின்றால்தான் நீலம் இறங்கும். சீன்களை ஒரு சேஸரில் வரிசையாகக் கோர்த்து, வேர்ச்சுவல் கன்சோலில் (திரையில் பட்டன்கள் வைக்கும் பக்கம்) கியூ லிஸ்டாகப் போடுங்கள். அடுத்த படி தொடங்கும்போது முந்தியது தானாக நிற்கும். தனிப் பட்டன்கள் வேண்டுமென்றால் சோலோ பிரேமுக்குள் வையுங்கள். ஒன்றைத் தட்டினால் மற்றது அணையும்.

எரியும் இடத்தை மூன்று படியாக எழுதலாம். முதல் படி: எல்லா வெளிச்சமும் பூச்சியம், பேட் இன் (மெதுவாக மாறும் நேரம்) 0. இரண்டாவது: சிவன் மேல் ஒரு மூவிங் ஹெட் வெள்ளை மட்டும், அதுவும் 0; ஆளுக்கு நேராக முன்படியிலேயே இருட்டில் திருப்பி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளி மேடையைத் துழாவும். மூன்றாவது: பின்வரிசைப் பார் சிவப்பு 255, பச்சை 60, பேட் இன் 4 விநாடி. அந்தப் பச்சை இல்லாவிட்டால் நெருப்பு நிறம் வராது, வெறும் சிவப்பாக நிற்கும்.

தப்புக்கு நேரம் குறித்து ஓட்ட வேண்டாம். அடிப்பவர் அன்றைக்கு எந்த வேகத்தில் போவார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த கியூவை ஸ்பேஸ் பாருக்குக் கொடுத்து, கூத்துத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். கொம்பியூட்டர் தெரிந்தவரைவிட அவர்தான் வேண்டும்.

முகத்துக்கு ஆர்ஜிபி வெள்ளை போடாதீர்கள், அரிதாரம் சாம்பலாகத் தெரியும். அந்த நான்கு ஹலோஜனும் முன்னால் இரு பக்கமும் 45 பாகையில் இருக்கட்டும்.

முகவரிகள் (ஒவ்வொரு லைட்டின் முதல் சேனல் எண்): பார் 1, 8, 15 என்று 78 வரை, மூவிங் ஹெட் 101, 115, 129, 143, டிம்மர் 161, 165. ஒவ்வொரு லைட்டின் முதுகிலும் எண்ணை எழுதி ஒட்டுங்கள். பார் எரியவே இல்லையென்றால் முதலில் மாஸ்டர் டிம்மர் சேனல் பூச்சியத்தில் இருக்கிறதா பாருங்கள், பாதி முறைப்பாடு அதுதான். உங்கள் மூவிங் ஹெட் மென்பொருளின் லைட் பட்டியலில் இல்லாவிட்டால், கையேட்டைப் பார்த்து பிக்ஸர் எடிட்டரில் 14 சேனலையும் நீங்களே எழுதலாம்.

விண்டோஸில் ஸ்லீப், அப்டேட், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் மூன்றையும் நிறுத்துங்கள். கோப்பின் பிரதி ஒன்று பென் ட்ரைவில், அதே பதிப்பு மென்பொருளோடு இன்னொரு லெப்டொப்பில் ஒன்று. மலிவு வயரை அந்த இரண்டாவது லெப்டொப்பில் ஒத்திகையன்றே ஓட்டிப் பாருங்கள்.