புதுப்பிப்பு: படத்தின் மெட்டாடேட்டாவிலிருந்து தானாக வெளியாகும் பதிவு – தமிழ்த் தலைப்பு அறுபட்டது சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. பறவைப் படங்களின் மெட்டாடேட்டாவில் (படக் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படும் விவரங்கள்) நான் எழுதும் தலைப்பை, அதைப் படிக்கும் கருவியான எக்ஸிஃப்டூல் படித்து, ஹியூகோ என்ற தளம் உருவாக்கும் மென்பொருள் வழியாக வெளியிடும்போது தமிழ் பாதியில் அறுபடுகிறது என்று கேட்டிருந்தேன்.

மெட்டாடேட்டாவைச் சேமிக்கும் பழைய முறையான ஐபிடிசியை விட்டு, புதிய முறையான எக்ஸ்எம்பியில் உள்ள தலைப்பைப் படிக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. பழைய ஐபிடிசியில் தலைப்புக்கு 64 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்கு 3 பைட், துணைக்குறிக்கு இன்னொரு 3. 'கூ' என்ற ஒரே எழுத்துக்கே 6 பைட் போய்விடும். எக்ஸ்எம்பியில் அந்த வரம்பு இல்லை. எழுத்துருவை மாற்றியதில் பலன் இல்லை.

அப்புறம் எதிர்பாராத ஒன்று. மணிக்கொரு முறை தளம் புதுப்பிக்கப்பட்டும், காலையில் எடுத்த படங்கள் மதியம்தான் வெளியாயின. என் கேமரா பதியும் நேரத்தில் நேர மண்டலம் இல்லை. ஹியூகோ அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு, எதிர்காலத் தேதி என ஐந்தரை மணி நேரம் நிறுத்திவைத்திருக்கிறது. தேதியின் முடிவில் இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 சேர்த்ததும் சரியானது.

கூடு இருக்கும் இடம் வெளியே தெரியவே கூடாது. அதனால் வெளியிடும் நகலில் ஜிபிஎஸ் விவரம் முழுவதையும் அழித்துவிடுகிறேன்.