டார்ஜிலிங் செகண்ட் ஃப்ளஷ்: இலையில் மணம் இருக்கிறது, கோப்பையில் இல்லை

டப்பாவைத் திறந்தால் மஸ்கடெல் திராட்சை மணம் ஆளைத் தூக்குகிறது. ஊற்றிய டீயில் அது துளியும் இல்லை. மங்கிய பழுப்பு நிறம், மேலே உடைந்த கண்ணாடி மாதிரி ஓர் ஆடை, நாக்கில் வெறும் துவர்ப்பு. மூன்று வாரமாக இப்படித்தான்.

செகண்ட் ஃப்ளஷ், அதாவது ஆண்டின் இரண்டாம் பறிப்பு; ஜூனில் பறித்தது, முழு இலை, டப்பா பிரித்து ஒரு மாதம். 200 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம், 95 டிகிரி, 3 நிமிடம், மூடியுள்ள பீங்கான் பாத்திரம். போர்வெல் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 420.

சூட்டை 88க்கு இறக்கினேன்: துவர்ப்பு அடங்கியது, மணம் வரவில்லை. 4 நிமிடம் விட்டால் கசப்பு. டிடிஎஸ் 20 உள்ள ஆர்ஓ தண்ணீரில் ஆடை அடியோடு போனது (கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தால்தானே அது படியும்), நிறமும் செம்பு போலத் தெளிந்தது. ஆனால் டீ சப்பென்று, கடைசியில் சுருக்கென்று குத்துகிறது. இரண்டையும் பாதிப் பாதி கலந்தேன். அதில் அஸ்ஸாம் அருமை, மால்ட் சுவை முழுசாக வருகிறது. நீலகிரி எந்தத் தண்ணீரிலும் கெடவில்லை. டார்ஜிலிங் மட்டும் ஊமையாகவே இருக்கிறது. எலுமிச்சை வேண்டாம், ஆடை கரையும், கூடவே மணத்தையும் அமுக்கிவிடும்.

செகண்ட் ஃப்ளஷ் டார்ஜிலிங்கை நல்ல மணத்தோடு போடுபவர்கள், உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு?