களிமண் முகங்களில் விரிசல்: சூளைக்கு முன் காப்பாற்ற முடியுமா?

எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னையில் ஒரு கலைக்கூடத்துச் சிற்பப் பட்டறைக்குக் கூட்டிப்போனோம். ஆளுக்கொரு முகம் செய்தார்கள். போன வாரம் பள்ளிக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தோம், ஃபேன் காற்று நேராகப் படும் இடம். இப்போது பாதிக்கு மேல் விரிசல். காதும் மூக்கும் ஒட்டிய இடத்தில்தான் அதிகம். ஒரு பெண் தன் பாட்டியை மூக்குத்தியோடு செய்திருக்கிறாள். அந்த மூக்கோரம் தொடங்கி உதடு வரை கீறியிருக்கிறது.

மணல் கலக்காத வழவழப்பான மண். தலைகளை உள்ளே குடைந்து ஒரு செ.மீ. கனச் சுவர் மட்டும் விட்டாயிற்று, அதனால் சூளையில் வெடிக்கும் பயம் குறைவு. மெல்லிய பகுதி முந்திக் காய்ந்து சுருங்கியதே காரணம் என்று நினைக்கிறேன்.

ஈரத்துணி போட்டு பிளாஸ்டிக்கால் மூடிப் பார்த்தோம். அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பூசினோம். ராத்திரி அடைகிறது, காலையில் திரும்பப் பிளக்கிறது. அப்புறம் வினிகர் கலந்தும் பூசினோம். மயிரிழைக் கீறல்கள் மட்டும் அடைபட்டு நின்றன.

அடுத்த வெள்ளிக்கிழமை குயவர் சூளையில் இடம் கிடைத்திருக்கிறது. முழுக்கக் காய்ந்த மண்ணில் தீக்குச்சி கனத்துக்கு விழுந்த விரிசலை, சுட்ட பிறகும் நிற்கும்படி அடைக்க எந்தக் கலவை பிடிக்கும்?