குடும்பக் குழு: கறியும் கிருமியும்

சித்தி: கோழியை நன்றாகக் கழுவிக் கொதிக்க வைத்தால் போதும், எந்த ஆபத்தும் இல்லை என்று ஒரு வீடியோ வந்தது. அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள்.

கவிதா: சித்தி, பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவவே கழுவாதீர்கள். தெறிக்கிற தண்ணீரோடு சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற கிருமிகளும் பக்கத்திலிருக்கும் தட்டு, காய்கறி மேலெல்லாம் போய்விடும். அவற்றைக் கொல்வது சூடுதான். துண்டின் நடுப்பகுதியே 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்.

பெரியப்பா: ஈ.கோலை என்ற பாக்டீரியா நம் குடலிலேயே இருக்கிறது என்கிறார்களே. அதற்கு ஏனம்மா இவ்வளவு பயம்?

கவிதா: பெரும்பாலான ஈ.கோலை சாதுதான் பெரியப்பா. அதனால்தான் ஆய்வகத்தில் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, எந்த மரபணு இருக்கிறது என்று பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் தேடுகிறோம். சால்மோனெல்லாவுக்கு இன்வ்ஏ என்ற மரபணு. குடல் செல்லுக்குள் புகுவதற்கு அது வைத்திருக்கும் ஊசி போன்ற கருவியில் ஒரு பாகம் அந்த மரபணுவால் உருவாவதுதான்.

கவிதா: ஈ.கோலையில் மோசமானது ஓ157 என்ற வகை. 1982இல் அமெரிக்காவில் அரைத்த மாட்டிறைச்சி சாப்பிட்டவர்களுக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்தபோது தெரிய வந்தது. அதனிடம் இருக்கும் ஷிகா நச்சு மரபணு, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸோடு வந்தது. அந்த வைரஸ் இன்னும் அதன் டிஎன்ஏவுக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதன் ரத்தக்குழாய்களில் அந்த நச்சு பிடித்துக்கொள்ள இடமில்லை. நம் சிறுநீரகத்தில் இருக்கிறது.

பிரபு: அப்போது ரத்தமாகப் போனால் உடனே ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே?

கவிதா: ஐயோ, வேண்டாம் அண்ணா! சில மருந்துகள் பட்டால் பதுங்கியிருக்கும் வைரஸ் கிளம்பிவிடும், நச்சு இன்னும் அதிகமாக வெளியே வரும். நேராக டாக்டரிடம் போங்கள். சின்னக் குழந்தை என்றால் சிறுநீர் குறைகிறதா என்று கட்டாயம் கவனியுங்கள்.

அத்தை: முழுத் துண்டைவிட அரைத்த கறிதான் ஆபத்து என்கிறார்களே, நிஜமா?

கவிதா: ஆமாம் அத்தை. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில் இருக்கும். அரைத்தால் உள்ளே வரை கலந்துவிடும்.

சித்தி: சரி, எப்படியும் மறுபடி கொதிக்க வைத்தால் போய்விடும்தானே?

கவிதா: எல்லாம் போகாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவில் சில வகைகளுக்கு நச்சு மரபணு உண்டு. வெளியே வைத்த உணவில் அது பெருகி நச்சைக் கக்கிவிட்டால், பிறகு கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், நச்சு அப்படியே இருக்கும். சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சித்தி: வீடியோவை அழித்துவிட்டேன். நேற்று மதியம் வைத்த கறி இன்னும் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது.

கவிதா: சூடாக்க வேண்டாம் சித்தி, கொட்டிவிடுங்கள்.